குரோமாட்டின் லூப்களும் ஜீன் அடக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜீன்களைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் இந்தக் கேள்விகள்தான் வந்து நிற்கின்றன. மாணவர்கள், உயிரியல் ஆசிரியர்கள், கணினிப் பக்கமிருந்து மரபணுத் தரவு அலச வந்தவர்கள் என்று கேட்பவர்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைச் சார்ந்தவை, அதனால் வரிசையாகப் படித்தால் சிரமம் குறைவு.

டிஎன்ஏ ஒரே நீளமான நூல்தானே? அதில் "தூரத் தொடர்பு" எங்கிருந்து வந்தது?

நூல்தான், ஆனால் இழுத்துக் கட்டிய நூல் இல்லை. மனித செல் ஒன்றின் டிஎன்ஏவை நீட்டி வைத்தால் சுமார் 2 மீட்டர் வரும். அது அடைந்து கிடக்கும் உட்கருவின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குப் பக்கம். இவ்வளவு நூலை அவ்வளவு சின்ன இடத்தில் மடித்துத் திணித்தால், நூலின் மேல் அளந்தால் வெகுதூரத்தில் இருக்கும் இரண்டு இடங்கள் உட்கருவுக்குள் ஒட்டி உரசிக்கொண்டு இருக்கலாம். தூரத் தொடர்பு என்பது இதுதான். அப்படிச் சேர்ந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள நூல் வளையமாக நிற்கும், அதைத்தான் லூப் என்கிறோம்.

ஓர் உதாரணம். கரு வளரும்போது விரல்களின் எண்ணிக்கையையும் வரிசையையும் தீர்மானிப்பதில் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற ஜீனுக்குப் பெரிய பங்கு உண்டு. கை கால் மொட்டில் அதை முடுக்கிவிடும் டிஎன்ஏ துண்டு, அதாவது என்ஹான்சர், ஜீனிலிருந்து சுமார் 10 லட்சம் எழுத்துகள் தள்ளி, சம்பந்தமே இல்லாத இன்னொரு ஜீனின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. எழுத்து என்று நான் சொல்வது டிஎன்ஏவின் ஒரு கார இணையை. அந்த என்ஹான்சரில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் கூடுதல் விரலோடு குழந்தை பிறக்கக்கூடும். அதைச் சுண்டெலியிலிருந்து எடுத்துவிட்டுப் பாம்பின் என்ஹான்சரை வைத்துப் பார்த்தார்கள், 2016இல். எலிக்குக் கால்கள் வெறும் குட்டையாக நின்றுபோயின.

குரோமாட்டின், டிஎன்ஏ இரண்டும் ஒன்றா?

இல்லை. டிஎன்ஏவும் அதோடு சேர்ந்த புரதங்களும் கலந்த மொத்தப் பொருள்தான் குரோமாட்டின். ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டு சேர்ந்து ஓர் உருளையாக நிற்க, அதைச் சுற்றி 147 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ ஏறக்குறைய ஒன்றேமுக்கால் சுற்றுச் சுற்றியிருக்கும். இதற்கு நியூக்ளியோசோம் என்று பெயர். ஒவ்வொரு ஹிஸ்டோனிலிருந்தும் ஒரு வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலில் என்ன வேதிக் குறி ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பின்னால் வரும் பாதி விஷயம் நடக்கிறது, அதனால் வாலை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஜீன் "அடங்கிவிட்டது" என்றால் அழிந்துவிட்டது என்று அர்த்தமா?

கிடையாது. எழுத்துகள் அப்படியே இருக்கும், படிக்கப்படாது. உங்கள் கண்ணிலும் கல்லீரலிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். கல்லீரலில் கண்ணுக்கான ஜீன்கள் மூடிக் கிடக்கின்றன. சூழ்நிலை மாறினால் அவற்றில் பலவற்றைத் திரும்பவும் திறக்க முடியும்.

மூடுவது யார்? ஒரே புரதமா?

ஒன்று இல்லை. ஆனால் இரண்டு கூட்டங்களைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலான பேச்சு புரியும். முதலாவது எச்பி1 என்ற புரதத்தைச் சுற்றிய கூட்டம். ஒரு நொதி எச்3 என்ற வகை ஹிஸ்டோனின் வாலில் 9ஆவது இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் மெத்தில் குறி வைக்கும். எச்பி1 வந்து அந்தக் குறியைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அது அதே நொதியை இழுத்துவந்து பக்கத்து நியூக்ளியோசோமிலும் குறி வைக்கவைக்கும். இப்படிப் பரவிக்கொண்டே போகும். குரோமோசோமின் நடுப்பகுதி, ஒரே எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும் பகுதி இவையெல்லாம் பெரும்பாலும் இதன் ஆட்சியில் உள்ளவை. ஹெட்டரோகுரோமாட்டின் என்று 1928இலேயே எமில் ஹைட்ஸ் பெயர் வைத்தது இந்த அடர்ந்த பகுதிகளுக்குத்தான்.

பரவுவது என்றேன், அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பழ ஈயின் கண்ணுக்குச் சிவப்பு நிறம் தரும் ஜீன் ஒன்று உண்டு. எக்ஸ்-கதிர் பட்டு குரோமோசோம் உடைந்து, அந்த ஜீன் ஹெட்டரோகுரோமாட்டினுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்ட ஈக்களை 1930இல் ஹெர்மன் முல்லர் விவரித்தார். ஜீனில் ஒரு குறையும் இல்லை, ஆனால் கண் முழுச் சிவப்பாக இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் வெள்ளைக் கண்ணில் யாரோ சிவப்பு மையை உதறிவிட்டது போலத் திட்டுத் திட்டாகத் தெரியும். சில செல்களில் அடக்கம் அந்த ஜீன்வரை பரவிவிட்டது, சிலவற்றில் வரும் வழியிலேயே நின்றுவிட்டது. எங்கே நிற்கும் என்பது செல்லுக்குச் செல் வேறு.

இரண்டாவது கூட்டம் பாலிகோம்ப். அதற்குத் தனிக் கேள்வியே வருகிறது.

பாலிகோம்ப் என்றால் பல சீப்பு என்றுதானே வருகிறது? சீப்புக்கும் ஜீனுக்கும் என்ன சம்பந்தம்?

சிரிக்கிற மாதிரி இருந்தாலும் நல்ல கேள்வி. ஆண் பழ ஈயின் முன்னங்கால்களில் மட்டும் தடித்த கருப்பு முட்கள் பத்துப் பன்னிரண்டு, வரிசையாகச் சீப்புப் பல் போல நிற்கும். 1947இல் விவரிக்கப்பட்ட ஒரு பிறழ்வில் நடுக்கால்களிலும் பின்னங்கால்களிலும்கூட இந்தச் சீப்பு முளைத்தது. சீப்பு நிறைய, அதனால் அந்தப் பெயர். நடந்தது என்னவென்றால், முன்னங்கால் பகுதியில் மட்டும் திறந்திருக்கவேண்டிய ஒரு ஹாக்ஸ் ஜீன் (உடலின் எந்தப் பகுதி என்னவாகவேண்டும் என்று தீர்மானிக்கும் வகை) மற்ற கால்களிலும் திறந்துகொண்டது. அதை மூடிவைத்திருந்த புரதம்தான் பிறழ்வில் போய்விட்டது.

இன்று பாலிகோம்ப் என்றால் முக்கியமாக இரண்டு புரதத் தொகுதிகள். பிஆர்சி2 தொகுதியில் உள்ள ஈஇசட்எச்2 என்ற நொதி, எச்3 வாலின் 27ஆவது லைசினில் மூன்று மெத்தில்களை ஒட்டுகிறது. பிஆர்சி1 தொகுதி வந்து அந்தக் குறியைப் பிடிக்கிறது, அதோடு எச்2ஏ ஹிஸ்டோனில் யுபிக்விட்டின் என்ற இன்னொரு குறியை வைக்கிறது. "முதலில் 2, அப்புறம் 1" என்று பாடம் நடத்துவது வழக்கம். பல இடங்களில் பிஆர்சி1 முதலில் வந்து தன் குறியை வைத்து, அதைப் பார்த்து பிஆர்சி2 வருவதும் உண்டு. வரிசையை மனப்பாடம் செய்யவேண்டாம். இரண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டால் போதும்.

சரி, லூப் எப்படி விழுகிறது? புரதம் இரண்டு முனையையும் தேடிப்போய்ப் பிடிக்கிறதா?

தேடிப்போவதில்லை. கோஹெசின் என்ற வளைய வடிவப் புரதத் தொகுதி டிஎன்ஏவில் எங்கேயோ ஏறி, இரண்டு பக்கமிருந்தும் நூலை உள்ளே இழுக்கத் தொடங்குகிறது. பாவாடைக்கு நாடா கோக்கிறபோது துணி சுருங்கிச் சுருங்கி ஒரு பக்கம் குவியுமே, அந்த மாதிரி லூப் பெரிதாகிக்கொண்டே போகும். இது வெறும் ஊகம் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். 2018இல் கோஹெசினின் உறவுக்காரத் தொகுதியான கண்டென்சின் ஒற்றை டிஎன்ஏ இழையை இழுத்து லூப் போடுவதை நுண்ணோக்கியின் கீழ் நேரடியாகவே பார்த்தார்கள், அடுத்த ஆண்டு கோஹெசினையும் பார்த்தார்கள். நொடிக்குச் சுமார் 500 முதல் 1,000 எழுத்து வேகம்.

இழுத்துக்கொண்டே போனால் எங்கே நிற்கும்? சிடிசிஎஃப் என்ற புரதம் டிஎன்ஏவில் உட்கார்ந்திருக்கும் இடத்தில். டிஎன்ஏவைப் பிடிக்கும் 11 துத்தநாக விரல்கள் கொண்ட புரதம் இது; குறிப்பிட்ட ஓர் எழுத்துத் தொடரைப் பார்த்தால்தான் உட்காரும். கோஹெசினை ஏற்றிவிட உதவுவது நிப்பிஎல், இறக்கிவிடுவது வாப்ல். ஆக, லூப் என்பது நிரந்தர முடிச்சு இல்லை. நிமிடக் கணக்கில் விழுந்து அவிழ்ந்துகொண்டிருப்பது.

சிடிசிஎஃப் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தால் என்ன? அம்புக்குறி எதற்குப் போடுகிறார்கள்?

அது உட்காரும் எழுத்துத் தொடர் இடவலம் ஒன்றுபோல இருப்பதல்ல, அதற்குத் திசை உண்டு. அந்தத் திசையைத்தான் அம்பால் காட்டுகிறார்கள். 2014இல் மனித செல்களில் சுமார் 10,000 லூப்களைப் பட்டியலிட்டுப் பார்த்தபோது, சிடிசிஎஃப் நிற்கும் லூப்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இரண்டு முனை அம்புகளும் ஒன்றையொன்று பார்த்து நின்றன. நூல் விருப்பம்போல மடிந்து முனைகள் தற்செயலாகச் சந்திப்பதாக இருந்தால் இப்படி வரவே வராது. மேலே சொன்ன இழுப்பு மாதிரியை நான் முழுசாக நம்பத் தொடங்கியது இந்த ஒரு கண்டுபிடிப்பால்தான். கிரிஸ்பர் என்ற டிஎன்ஏ வெட்டும் கருவியைக் கொண்டு ஓர் அம்பை மட்டும் திருப்பிவைத்தால் லூப் அந்த இடத்தில் போய்விடுகிறது, எழுத்துகள் ஒன்றும் குறையாவிட்டாலும்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்தார்களா, கணக்குப் போட்டுச் சொல்கிறார்களா?

இரண்டும். செல்லுக்குள் பக்கத்தில் இருக்கும் குரோமாட்டின் துண்டுகளை ஃபார்மால்டிஹைடால் ஒட்டவைத்து, டிஎன்ஏவை வெட்டி, ஒட்டியிருந்த முனைகளையே ஒன்றோடொன்று இணைத்து, எது எதோடு இணைந்தது என்று எண்ணுவது 3சி முறை. ஜாப் டெக்கர் குழு 2002இல் கொண்டுவந்தது. மொத்த மரபணுத் தொகுதிக்கும் இதையே செய்வது ஹை-சி, 2009. எந்த இடம் எந்த இடத்தோடு எவ்வளவு இணைந்தது என்று சதுரமாக வரையும் ஹை-சி படத்தில் மூலைவிட்டத்தை ஒட்டி முக்கோணங்கள் வரிசையாகத் தெரியும். உள்ளுக்குள் அதிகம் பழகி, அக்கம்பக்கத்தோடு குறைவாகப் பழகும் பகுதிகள் அவை, டேட் என்பார்கள். முக்கோணத்தின் உச்சியில் அடர்த்தியான ஒரு புள்ளி இருந்தால் அது லூப்.

ஓர் எச்சரிக்கை. நான் ஒருமுறை புற்றுநோய் செல் வரிசை ஒன்றின் படத்தில், இரண்டு வெவ்வேறு குரோமோசோம்களுக்கு இடையே பளீரென்று ஒரு திட்டைப் பார்த்துவிட்டு, அபூர்வமான தொடர்பு கிடைத்துவிட்டது என்று ஒரு வாரம் துள்ளினேன். அந்தச் செல்லில் அந்த இரண்டு குரோமோசோம்களும் உடைந்து இடம் மாறி ஒட்டியிருந்தன, அவ்வளவுதான். நூலிலேயே பக்கம், அதனால் படத்திலும் பக்கம். ஹை-சி படம் லட்சக்கணக்கான செல்களின் சராசரி என்பதையும் மறக்கக்கூடாது. ஒற்றைச் செல்லில் இரண்டு புள்ளிகளும் உண்மையிலேயே பக்கத்தில் இருக்கின்றனவா என்று ஒளிரும் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பவர்கள் அதனால்தான் இன்னும் இருக்கிறார்கள்.

லூப் போட்டால் ஜீன் அடங்கிவிடும், சரிதானே?

சரியில்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த எண்ணத்தோடுதான் வருகிறார்கள். முதல் பதிலில் சொன்ன என்ஹான்சர் தொடர்பு ஜீனைத் திறக்கிறது. அதே வகை லூப் இன்னோர் இடத்தில் என்ஹான்சரை வேறு ஜீனிடம் போகவிடாமல் தடுக்கிறது. அதாவது லூப் யாரை யாரோடு பேசவிடும் என்பதைத்தான் மாற்றுகிறது. என்ன பேச்சு நடக்கும் என்பது அங்கே வந்து உட்கார்ந்திருக்கும் புரதங்களையும் குறிகளையும் பொறுத்தது.

எச்19, ஐஜிஎஃப்2 என்ற ஜோடி ஜீன்களைப் பாருங்கள். இரண்டுக்கும் பொதுவான என்ஹான்சர்கள் உண்டு, நடுவில் சிடிசிஎஃப் உட்காரும் ஒரு பகுதியும் உண்டு. தாயிடமிருந்து வந்த குரோமோசோமில் சிடிசிஎஃப் அங்கே உட்கார்ந்து வழியை மறிக்கிறது, ஐஜிஎஃப்2 அடங்கிக் கிடக்கிறது. தந்தையிடமிருந்து வந்ததில் அந்தப் பகுதியின் டிஎன்ஏவிலேயே மெத்தில் குறி இருப்பதால் சிடிசிஎஃப்பால் உட்கார முடியாது. என்ஹான்சர் ஐஜிஎஃப்2ஐப் போய்ச் சேர்கிறது. ஒரே செல், ஒரே எழுத்துகள். 2000இல் இது தெளிவானது.

அப்படியானால் கோஹெசினை எடுத்துவிட்டால் எல்லா ஜீனும் தாறுமாறாகுமா?

ஆகும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 2017இல் கோஹெசினின் ஒரு பாகத்தைச் சில மணி நேரத்துக்குள் செல்லிலிருந்து அழித்துப் பார்த்தார்கள். லூப்கள் மொத்தமாகக் காணாமல் போயின. ஜீன் வெளிப்பாட்டில் வந்த மாற்றமோ எதிர்பார்த்ததை விட மிகச் சாதாரணம். சில மணி நேரக் கணக்கு இது என்பதை நினைவில் வையுங்கள். புதிதாக வேறுவகைச் செல்லாக மாறவேண்டிய நேரத்தில் கோஹெசின் இல்லையென்றால் கதை வேறு.

இந்த விஷயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சுண்டெலி ஸ்டெம் செல்களில் கோஹெசினை நீக்கியபோது, பாலிகோம்ப் பிடித்திருக்கும் ஜீன்களுக்கு இடையேயான தூரத் தொடர்புகள் குறையவில்லை, கூடின! அந்த ஜீன்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே அடங்கின. கோஹெசின் இழுத்து இழுத்துக் கலைத்துக்கொண்டிருந்த கூட்டம், இழுப்பவர் போனதும் சேர்ந்துகொண்டது என்றுதான் இதைப் படிக்கவேண்டும். ஆக உட்கருவில் இரண்டு வேறு வகைச் சேர்க்கை நடக்கிறது. கோஹெசின் நூலோடு நூலாக இழுத்துச் சேர்க்கிறது. பாலிகோம்ப் நூலில் எவ்வளவு தூரம் என்று பார்ப்பதில்லை, தன் ஆட்களைக் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்கிறது.

ஒட்டிக்கொள்வது என்றால் எப்படி? பசையா?

பிஆர்சி1 தொகுதியில் பாலிஹோமியோட்டிக் என்று ஒரு புரதம் உண்டு. அதன் ஒரு முனை இன்னொரு பாலிஹோமியோட்டிக்கின் முனையோடு தலையும் வாலுமாகக் கோத்துச் சங்கிலியாகும். தூரத்து இரண்டு ஜீன்களில் உட்கார்ந்திருக்கும் பிஆர்சி1கள் தற்செயலாக உரசினால் சங்கிலி அவற்றைப் பிடித்துக்கொள்ளும். உரசுவதற்கு வாய்ப்பு இருக்கவே இருக்கிறது, நூல் எப்போதும் நெளிந்துகொண்டேதான் இருக்கும். உட்கருவில் சாயம் ஏற்றிப் பார்த்தால் பாலிகோம்ப் புரதங்கள் புள்ளி புள்ளியாகக் குவிந்து தெரிவதும் இதனால்தான்.

பழ ஈயில் இரண்டு ஹாக்ஸ் தொகுதிகள் ஒரே குரோமோசோமில் சுமார் 1 கோடி எழுத்து இடைவெளியில் இருக்கின்றன. இரண்டும் அடங்கியிருக்கும் தலைப் பகுதிச் செல்களில் அவை அடிக்கடி ஒரே பாலிகோம்ப் புள்ளிக்குள் வந்து சேர்கின்றன.

எச்பி1 திரவத் துளி மாதிரி பிரிந்து நிற்கிறது என்கிறார்களே?

2017இல் இரண்டு குழுக்கள் அப்படிச் சொன்னதிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. சோதனைக் குழாயில் எச்பி1 எண்ணெய்த் துளி போலப் பிரிகிறது, அதில் சண்டையில்லை. உயிருள்ள செல்லிலும் அடக்கத்துக்குக் காரணம் அந்தத் துளித்தன்மைதானா என்பதில்தான் சண்டை. வட்டமாகத் தெரிவதையெல்லாம் துளி என்று சொல்லும் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

உட்கருவின் ஓரத்தில் இருந்தால் ஜீன் தானாக அடங்குமா?

ஓரத்தில் லாமின் என்ற புரத வலை இருக்கிறது. மரபணுத் தொகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதை ஒட்டிக் கிடக்கிறது, அங்கே பெரும்பாலான ஜீன்கள் அமைதி. ஒரு ஜீனை வலிய ஓரத்துக்கு இழுத்துக் கட்டினால் சில ஜீன்கள் அடங்கும், சில கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. எனவே தானாக என்று சொல்ல முடியாது.

செல் பிரியும்போது எல்லாம் கலைந்துவிடுமே, அடக்கம் எப்படி நினைவிருக்கிறது?

லூப்கள் கலைவது உண்மை. பிரியும் செல்லில் டேட்களும் இல்லை. குறிகள் கலைவதில்லை. டிஎன்ஏ இரட்டிக்கும்போது பழைய ஹிஸ்டோன்கள் இரண்டு புதிய இழைகளுக்கும் பங்கு பிரிந்து போகின்றன. பிஆர்சி2வில் உள்ள ஈஈடி என்ற பாகம் பழைய நியூக்ளியோசோமில் இருக்கும் 27ஆவது லைசின் குறியைப் பிடித்ததும் நொதியின் வேகம் கூடுகிறது, பக்கத்துப் புது நியூக்ளியோசோமிலும் அதே குறி விழுகிறது. படித்து எழுதுவது, எழுதியதைத் திரும்பப் படிப்பது.

குளிர் கண்ட பிறகே பூக்கும் செடிகளில் இது அழகாக நடக்கும். ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் பூப்பதைத் தடுக்கும் எஃப்எல்சி என்ற ஜீனை, வாரக்கணக்கில் நீடிக்கும் குளிரின்போது பாலிகோம்ப் மூடத் தொடங்குகிறது. செல் ஒவ்வொன்றிலும் அரைகுறையாக அல்ல. ஒரு செல்லில் முழுசாக மூடும், பக்கத்துச் செல்லில் திறந்தே இருக்கும். குளிர் நீடிக்க நீடிக்க மூடிய செல்களின் எண்ணிக்கை கூடும். குளிர் போய் மாதங்கள் ஆனாலும் மூடியது மூடியபடியே இருக்கும். விதை உருவாகும்போதுதான் திரும்பத் திறக்கும்.

பெண்களில் ஒரு எக்ஸ் குரோமோசோம் முழுசாகவே அடங்குகிறதாமே, அதுவும் இதே கதையா?

முழுசாக என்பதில் ஒரு திருத்தம்: மனிதரில் கணிசமான ஜீன்கள் அந்த அடக்கத்திலிருந்து தப்பிவிடுகின்றன. மற்றபடி, ஆமாம், மேலே பார்த்த பாத்திரங்கள் எல்லாம் இங்கே ஒரே மேடையில். ஓர் எக்ஸ் அடங்குகிறது என்பது மேரி லயன் 1961இல் முன்வைத்த கருத்து. எக்ஸிஸ்ட் என்ற ஆர்என்ஏ, அடங்கப்போகும் குரோமோசோமிலேயே உருவாகி அதைப் போர்த்துகிறது. நூலில் பக்கத்தில் இருக்கும் ஜீன்களை அது முதலில் பிடிப்பதில்லை. மடிப்பில் பக்கத்தில் இருப்பவற்றை, அதாவது தூரத் தொடர்பில் இருப்பவற்றை முதலில் பிடிக்கிறது. ஸ்பென் என்ற புரதம் வாசிப்பை நிறுத்துகிறது, பாலிகோம்ப் குறிகள் பின்னால் வந்து சேர்கின்றன.

அடங்கிய எக்ஸில் டேட்கள் மங்கிப்போய், குரோமோசோம் இரண்டே பெரிய மூட்டைகளாகத் தெரியும். நடுவே ஒரு கீல் மாதிரி ஓர் எழுத்துத் தொடர். அந்தக் கீலை வெட்டி எடுத்தால் இரண்டு மூட்டையும் ஒன்றாகிவிடுகின்றன. அடக்கமோ பெரும்பாலும் அப்படியே நிற்கிறது!

எல்லை உடைந்தால் நோய் வருமா?

வரும். இபிஎச்ஏ4 என்ற ஜீனைச் சுற்றிய டேட்டின் எல்லை சில குடும்பங்களில் அறுந்துபோயிருந்தது. அங்கிருந்த கை கால் என்ஹான்சர்கள் அடுத்த வட்டாரத்தில் இருந்த பிஏஎக்ஸ்3 ஜீனை முடுக்கின, விரல்கள் குட்டையாயின. எலியில் அதே துண்டை வெட்டி அதே விளைவைக் காட்டினார்கள், 2015இல். கோஹெசினை ஏற்றிவிடும் நிப்பிஎல்லில் கோளாறு வந்தால் கார்னிலியா டி லாங்கே நோய்த்தொகுப்பு வருகிறது. எல்லா எல்லையும் இவ்வளவு முக்கியமில்லை. சிலவற்றை எடுத்தாலும் விலங்குக்கு ஒன்றும் ஆவதில்லை.

பாலிகோம்பை நிறுத்த மருந்து இருக்கிறதா?

ஈஇசட்எச்2 நொதியைத் தடுக்கும் டாசிமெட்டோஸ்டாட்டுக்கு அமெரிக்காவில் 2020இல் ஓர் அரிய சதைப் புற்றுக்கு அனுமதி கிடைத்தது. அது நொதியின் எழுதும் வேலையைத்தான் தடுக்கிறது, மடிப்பை நேராகத் தொடுவதில்லை.

கடைசியாக: தொடுவதால் அடங்குகிறதா, அடங்கியதால் தொடுகிறதா?

இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. எக்ஸின் கீலைப் பற்றிச் சொன்னேன்; அங்கே வடிவம் போனாலும் அடக்கம் போகவில்லை. சுண்டெலி ஸ்டெம் செல்களில் இன்னும் கூர்மையான சோதனை ஒன்று உண்டு. பிஆர்சி1இன் யுபிக்விட்டின் வைக்கும் திறனை மட்டும் முடக்கினால், குரோமாட்டினை நெருக்கிச் சேர்க்கும் வேலை பெருமளவு தொடர்கிறது, ஆனால் நூற்றுக்கணக்கான ஜீன்கள் திறந்துகொள்கின்றன. அங்கே அடக்கத்தின் பாரத்தைத் தாங்குவது குறிதான், நெருக்கம் இல்லை.

மறுபக்கமும் இருக்கிறது. பழ ஈயில் கண் நிறத்துக்கான பிரௌன் என்ற ஜீனின் ஒரு பிரதிக்குள் பெரிய ஹெட்டரோகுரோமாட்டின் கட்டை ஒன்று செருகிக்கொண்ட பிறழ்வு உண்டு. அந்தப் பிரதி கெட்டுப்போவது இயல்பு. வேடிக்கை என்னவென்றால், ஜோடிக் குரோமோசோமில் இருக்கும் நல்ல பிரதியும் பல செல்களில் அடங்கிவிடுகிறது. ஈயில் ஜோடிக் குரோமோசோம்கள் ஒட்டியே இருக்கும். கட்டை செருகிய பிரதி குரோமோசோமின் நடுவிலுள்ள ஹெட்டரோகுரோமாட்டினிடம் போய் ஒட்டும்போது நல்லதையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. நல்ல பிரதியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இழுபட்டுப் போய்ச் சேர்ந்த இடம்தான் அதை மூடியது. அதனால் இனி யாராவது ஒரு ஹை-சி படத்தைக் காட்டி "இந்தத் தொடர்பு இந்த ஜீனை அடக்குகிறது" என்று சொன்னால், தொடர்பை மட்டும் வெட்டிப் பார்த்தார்களா, குறியை மட்டும் அழித்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.